சிறுநீரகத்துக்குப் புது மருந்து: முதல் கட்டச் சோதனையில் சேரலாமா?

உங்கள் மாமாவுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது. "புது மருந்து ஒன்னு சோதனையில இருக்கு, சேர்றீங்களா?" என்று மருத்துவர் கேட்கிறார். வீட்டில் உடனே எழும் கேள்வி: "நம்மள வச்சு டெஸ்ட் பண்ணப் போறாங்களா?"

நியாயமான கேள்விதான்.

இப்போதுள்ள மருந்தில் என்ன குறை?

புதிதாகப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் அந்நியப் பொருளாகவே பார்க்கும். நோய் எதிர்ப்புச் சக்தி அதைத் தாக்காமலிருக்கத் தினமும் மருந்து தேவை. பலரும் சாப்பிடுவது டாக்ரோலிமஸ். நன்றாக வேலை செய்யும் மருந்துதான். ஆனால் கை நடுக்கம், நீரிழிவு, ரத்தக் கொதிப்பு வரலாம். நாளடைவில், காப்பாற்ற வேண்டிய சிறுநீரகத்தையே அது பாதிக்கலாம்.

அதற்கு மாற்றாகச் சோதிக்கப்படும் மருந்துகளில் ஒன்று தெகோப்ரூபார்ட். இது மாத்திரை இல்லை, ரத்த நாளம் வழியாக ஏற்றுவார்கள். நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றையொன்று தூண்டிவிடும் ஒரு சமிக்ஞையை அது தடுக்கிறது.

முதல் கட்டத்தில் என்ன நடக்கும்?

• பொதுவாக முதல் கட்டத்தில் ஆரோக்கியமானவர்கள் சேர்வார்கள். தெகோப்ரூபார்ட்டின் '1பி' கட்டத்தில் சேர்ந்தவர்கள் சிறுநீரகம் பெற்ற நோயாளிகள். உடல் உறுப்பை ஏற்கிறதா என்பது அவர்களிடம்தானே தெரியும்!

• சேர்வோர் சிலரே. முக்கியக் கேள்வி: மருந்து பாதுகாப்பானதா?

• வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஒப்பிட மாட்டார்கள். அப்படிச் செய்தால் சிறுநீரகமே போய்விடும். வழக்கமான மற்ற மருந்துகளும் தொடரும். டாக்ரோலிமஸுடன் ஒப்பிட்டது 2ஆம் கட்டத்தில்தான்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

1990களில் இதே சமிக்ஞையைத் தடுக்கும் மருந்து ஒன்று குரங்குகளிடம் நல்ல பலன் தந்தது. மனிதர்களிடம் சோதித்தபோது சிலருக்கு ரத்தம் உறைந்தது. சோதனை நிறுத்தப்பட்டது. அந்த மருந்தின் ஒரு பகுதி ரத்தத் தட்டணுக்களில் ஒட்டிக்கொண்டதே காரணம். தெகோப்ரூபார்ட்டில் அந்தப் பகுதியை மாற்றியமைத்திருக்கிறார்கள்.

கையெழுத்துப் போடுமுன் இதையெல்லாம் கேளுங்க

• மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்ரோலிமஸுக்கு மாற்றுவீர்களா?

• எத்தனை முறை மருத்துவமனைக்கு வர வேண்டும்?

• பாதிப்பு ஏற்பட்டால் செலவு யாருடையது?

• சோதனை முடிந்த பிறகும் மருந்து கிடைக்குமா?

சிங்கப்பூரில் புது மருந்தைச் சோதிக்கச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். "வேண்டாம்" என்று சொல்லலாம். பாதியில் விலகவும் உரிமை உண்டு. ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் மருந்தை மட்டும் நிறுத்தாதீங்க. உடல் சிறுநீரகத்தை நிராகரித்துவிடலாம்.

ஒப்புதல் படிவம் பல பக்கம் இருக்கும். அது ஆங்கிலத்தில் இருந்தால், மாமாவுக்குத் தமிழில் விளக்கப்போவது நீங்களாக இருக்கலாம். அவசரப்படாமல் படியுங்கள். புரியாத வரியைக் கோடிட்டு மருத்துவரிடமே கேளுங்கள். முடிவை மாமா எடுக்கட்டும்.