சுதந்திர தினத்தன்று வந்த ஒரு தீர்ப்பு

அகதிகளை மூன்றாம் நாட்டுக்கு அனுப்பும் பேச்சு எழும்போதெல்லாம், நம் நாட்டைத் தொட்ட ஒரு வழக்கை நாம் நினைவுகூர வேண்டும்.

2011 ஜூலை 25-ஆம் நாள் கோலாலம்பூரில் ஆஸ்திரேலியாவும் மலேசியாவும் ஓர் ஏற்பாட்டில் கையொப்பமிட்டன. படகில் ஆஸ்திரேலியாவை அடைந்து அடைக்கலம் கேட்போரில் 800 பேர் இங்கு அனுப்பப்படுவர். பதிலுக்கு, இங்குள்ள அகதிகளில் 4,000 பேரை நான்கு ஆண்டுகளில் ஆஸ்திரேலியா ஏற்கும். ஆள்கடத்தல் கும்பல்களை முறியடிப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது.

நாம் சுதந்திர தினம் கொண்டாடிய ஆகஸ்டு 31-ஆம் நாளன்றே ஆஸ்திரேலியாவின் உச்ச மன்றம் அதைத் தடுத்தது. நீதிபதிகள் எழுவரில் அறுவர் அம்முடிவுக்கு வந்தனர். வழக்குத் தொடுத்த இருவரில் ஒருவர், பெற்றோர் துணையின்றி வந்த சிறுவர்.

காரணம் என்ன? 1951-ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா சேரவில்லை; அகதிகளைக் காக்கும் சட்டமும் இங்கில்லை. அந்த ஏற்பாடோ சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. அமைச்சர்களின் வாக்குறுதி மட்டும் போதாது, சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

மறு ஆண்டே ஆஸ்திரேலியா தன் சட்டத்தைத் திருத்தி, நவ்ருவுக்கும் பப்புவா நியூகினிக்கும் ஆட்களை அனுப்பியது. ஆனால், ருவாண்டாவுக்கு அனுப்பும் பிரிட்டனின் திட்டத்தை 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் ஒருமனதாக நிராகரித்தது. அங்கிருந்து அவர்கள் ஆபத்துள்ள தாயகத்துக்கே திருப்பி அனுப்பப்படலாம் என்று அது அஞ்சியது.

அந்த 1951 ஒப்பந்தத்தில் மலேசியா இன்னும் சேரவில்லை. அயலார் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய குறையை நம் நாடாளுமன்றம்தான் தீர்க்க வேண்டும்.