சில்வர் அடைத்த பல், மெட்டல் கேப் போட்ட பல்... தினமும் எப்படித் துலக்குவது? கரிப்பொடி, உப்பு பயன்படுத்தலாமா?

சொத்தைப் பல்லில் சில்வர் அடைத்தாச்சு. ரூட் கெனால் செய்து மெட்டல் கேப்பும் போட்டாச்சு. 'இனி இந்தப் பல்லுக்கு ஒண்ணும் ஆகாது' என்று நினைப்பவர்கள் நிறைய பேர். உலோகம் சொத்தையாகாது என்பது உண்மைதான். ஆனால், அதைத் தாங்கி நிற்கும் பல் சொத்தையாகும். அது எத்தனை வருஷம் தாங்கும் என்பதில், தினமும் பல் துலக்கும் விதத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

சில்வரில் இருப்பது என்ன?

'சில்வர்' என்று நாம் சொல்வது வெறும் வெள்ளி கிடையாது. அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, தகரம், தாமிரம். இந்தக் கலவையின் பெயர் அமால்கம். மெட்டல் கேப்புகள் பெரும்பாலும் நிக்கல்-குரோமியம் அல்லது கோபால்ட்-குரோமியம் கலவையில் செய்யப்படுகின்றன.

சொத்தை எங்கே தொடங்கும்?

உலோகமும் பல்லும் சேரும் விளிம்பில்தான். கேப்பின் விளிம்பு ஈறு ஓரத்தில் இருக்கும். அங்கே உணவுத் துணுக்கும் கிருமிப் படலமும் தங்கினால், கிருமிகள் உண்டாக்கும் அமிலம் பல்லை மெல்ல மெல்லக் கரைக்கும். ரூட் கெனால் செய்த பல்லில் நரம்பு இருக்காது என்பதால் வலியும் தெரியாது. கேப் ஆடும்போதோ, கழன்று கையில் வரும்போதோதான் உள்ளே பல் கரைந்திருப்பதே தெரியவரும். 'வலிக்கலையே' என்று சும்மா இருப்பது இங்கேதான் ஆபத்து.

சில்வர் கருத்துப்போனால் சொத்தையா?

அவசியமில்லை. வெள்ளிக் கொலுசு கருப்பது போலத்தான் இதுவும். உணவிலும் எச்சிலிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு மேல்பரப்பு கருக்கும். ஆனால் விளிம்பில் இடைவெளி, உடைப்பு, உணவு சிக்குவது ஆகியவை இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கரி, உப்பு, செங்கல் பொடி?

வேண்டாம். இந்தச் சொரசொரப்பான பொடிகள் உலோகத்தில் கீறல் போடும். பளபளப்பு போன இடத்தில் கிருமிப் படலம் எளிதாக ஒட்டும். அதைவிடப் பெரிய பிரச்னை, ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் இடம்தான். அங்கே எனாமல் இல்லை; அழுத்தித் தேய்த்தால் சீக்கிரம் தேய்ந்து பள்ளமாகிவிடும்.

ஃப்ளூரைடு பேஸ்ட் உலோகத்தை அரிக்குமா?

சாதாரணமாகத் துலக்குவதற்குப் பயப்படத் தேவையில்லை. விளிம்பில் சொத்தை வராமல் தடுப்பதே ஃப்ளூரைடுதான். டைட்டானியம் இம்ப்ளான்ட் வைத்தவர்கள் மட்டும், அமிலத்தன்மை அதிகமுள்ள ஃப்ளூரைடு ஜெல்லை டாக்டரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. பல்லை வெளுக்க வைக்கும் ஜெல்லும் அப்படியே. அது உலோகத்தின் நிறத்தை மாற்றாது. சில்வரிலிருந்து வெளியேறும் பாதரசத்தைச் சற்று கூட்டவும் செய்யும்.

பாதரசம் என்றால் எடுத்துவிடலாமா?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் உள்ளிட்டோருக்குப் புதிதாக அமால்கம் வைப்பதைத் தவிர்க்க அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2020-ல் பரிந்துரைத்தது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜனவரி 1 முதல், மருத்துவ ரீதியாக அவசியமான சூழல் தவிர, அமால்கத்துக்குத் தடை உள்ளது. ஆனால், நல்ல நிலையில் இருக்கும் பழைய சில்வரைக் காரணமில்லாமல் எடுக்க வேண்டாம் என்றே எஃப்.டி.ஏ சொல்கிறது. அதைக் குடைந்து எடுக்கும்போது பாதரச ஆவி வெளியாகும். நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

தினமும் செய்ய வேண்டியவை

* மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு பேஸ்ட். காலை, இரவு 2 நிமிடம்.
* பிரஷைச் சாய்த்துப் பிடித்து, கேப்பும் ஈறும் சேரும் இடத்தில் மெதுவாகத் துலக்குங்கள்.
* பல் இடுக்குகளை ஃப்ளாஸ் அல்லது இடுக்கு பிரஷால் சுத்தம் செய்யுங்கள். குண்டூசி, ஊக்கு வேண்டாம்.
* கூல்டிரிங்க்ஸ், எலுமிச்சை ஜூஸ் குடித்தால் வாய் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

கேப் லேசாக ஆடுவது, அதன் ஓரத்தில் ஈறு வீங்குவது, ரத்தம் வருவது, கெட்ட வாடை அடிப்பது... இதில் எது இருந்தாலும், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் பல் டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பல்லைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.