புகழ்பெற்ற கல்லூரிகளும் போகாத விண்ணப்பங்களும்

இருபத்தைந்து ஆண்டுகள் என்பது ஒரு கல்விச் சங்கத்தின் வாழ்வில் சிறிய காலமன்று. பருத்திக் காட்டிலும் சோளக் காட்டிலும் கூலி வேலை செய்த தாய் தந்தையரின் பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அலுவலர்களாகவும் விளங்குகின்றனர். அதனை எண்ணி மகிழும் இந்த வெள்ளிவிழா நாளில், நம்மை நாமே ஒரு வினா வினவிக்கொள்வதும் கடமையாகும். நாட்டின் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் கல்விக்கூடங்கள் சில, நம் குன்னம் வட்டத்திலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் உள்ளன. அவற்றில் சட்டப்படி நமக்கென ஒதுக்கப்பட்ட இடங்களும் உள்ளன. இருந்தும், அவற்றுக்கு விண்ணப்பம் அனுப்பும் நம் பிள்ளைகள் மிகச் சிலரே. இது ஏன்?

தகுதியின்மை என்று ஒரு சாரார் எளிதாக விடை கூறிவிடுவர். அந்த விடை பொய்யென்பதை நம் முன்னோர் வரலாறே காட்டும்.

கதவு திறந்த கதை

நம் மக்களுக்குக் கல்வி எவராலும் தானாகக் கொண்டுவந்து கொடுக்கப்பட்டதன்று, கேட்டுப் பெறப்பட்டது. பண்டிதர் அயோத்திதாசரும் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் விண்ணப்பங்கள் வாயிலாகவும் இதழ்கள் வாயிலாகவும் அரசினரிடம் நம் குறைகளை எடுத்துரைத்த காலத்தில், 1893 பிப்ரவரி 1ஆம் நாள் சென்னை அரசு 68ஆம் எண் கல்வி ஆணையைப் பிறப்பித்தது. பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்று அது பேசப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியை நிறுவினார். 1920ஆம் ஆண்டை ஒட்டி உருவான தொழிலாளர் துறை, பள்ளிகளையும் விடுதிகளையும் உதவித் தொகையையும் ஊர்ப்புறங்களுக்குக் கொண்டு சென்றது.

இத்தகைய ஏற்பாடுகளின் பயன் யாருக்கு முதலில் கிட்டியது என்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். எம்.சி. ராஜா சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றார். என். சிவராஜ் சென்னைச் சட்டக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றி, 1945இல் சென்னை மேயராகவும் விளங்கினார். இப்பெருமக்களின் அறிவும் உழைப்பும் போற்றற்குரியன. ஆயினும் அவர்கள் கல்லூரி இருந்த நகரத்தோடு தொடர்புடையவர்கள். எந்தக் கல்லூரி எப்போது திறக்கும், யாரைப் பார்க்க வேண்டும் என்ற செய்தி எட்டும் இடத்தில் வாழ்ந்தவர்கள். அக்காலத் திருச்சி மாவட்டத்தின் உட்பகுதியாய்க் கிடந்த நம் ஊர்களில் அத்தகைய அறிவுடையோர் பலர் பிறந்திருத்தல் கூடும். அவர்களிடம் செய்தி போய்ச் சேரவில்லை.

செய்தியை ஊர்ப்புறத்துக்குக் கொண்டு சென்ற ஒருவரை ஈண்டு நினைவுகூர வேண்டும். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். சுற்றுப்புறச் சேரிகளின் பிள்ளைகளைக் கல்வி வளரும் ஒரு நகரத்துக்கு அழைத்து வந்தார். அதே ஊரில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. பல்கலைக்கழகம் என்றால் என்னவென்று கண்ணாற் காணும் வாய்ப்பு அச்சேரிப் பிள்ளைகளுக்குக் கிட்டியது.

அண்ணல் அம்பேத்கர் வாழ்வும் இதனையே உரைக்கும். 1912இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், பரோடா சமஸ்தானம் மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்ப முற்பட்டபோது விண்ணப்பித்தார். 1913இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்தார். அறிவு அவரிடம் முன்பே இருந்தது. உதவித் தொகை உண்டு என்ற செய்தியும், கேட்கும் துணிவும் அதனோடு சேர்ந்தன. தாம் பெற்றதைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளாமல், வைசிராயின் நிருவாக சபையில் உறுப்பினராய் இருந்த காலத்தில் நம் மாணவர்க்கு அரசின் உதவித் தொகை கிடைக்கப் பாடுபட்டார். பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித் தொகைத் திட்டம் 1944இல் பிறந்தது. இன்று கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் பலர் பெறும் தொகைக்கு வித்து அதுவேயாகும்.

அருகில் இருந்தும் தொலைவில்

விடுதலைக்குப் பின்னர் உயர்கல்விக்கூடங்கள் நம்மைச் சூழ எழுந்தன. 1959இல் சென்னையில் ஐ.ஐ.டி. தொடங்கிற்று. திருச்சியை அடுத்த துவாக்குடியில் 1964இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றியது, 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாயிற்று; அதன் இடங்களில் பாதி தமிழ்நாட்டு மாணவர்க்கே உரியது. திருவாரூரில் 2009இல் மத்தியப் பல்கலைக்கழகமும், நாவலூர் குட்டப்பட்டில் 2013இல் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் செயற்படத் தொடங்கின.

ஐ.ஐ.டி.களில் பட்டியல் வகுப்பினர்க்கு இட ஒதுக்கீடு 1973இல் வந்தது. ஒதுக்கிய இடங்கள் நிரம்பவில்லை. பின்னர் ஓராண்டு ஆயத்தப் படிப்பு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. இடம் காலியாய்க் கிடக்கும்போது உலகம் என்ன சொல்லும்? “கொடுத்தோம், வாங்க ஆளில்லை” என்று சொல்லும். போகாத விண்ணப்பம் ஒன்று, அந்த மாணவனுக்கு மட்டும் இழப்பன்று. நம் உரிமைக்கு எதிரான வாதமாகவும் அது மாறிவிடுகிறது. ஆதலால் காரணங்களைத் தெளிவாக ஆராய வேண்டும்.

நான்கு காரணங்கள்

முதலாவது காரணம், பெயர் தெரிதல் வேறு, தரம் வேறு என்பதை நாம் பிரித்தறியாமையாகும். 1984இல் தமிழக அரசு சுயநிதிப் பொறியியற் கல்லூரிகளுக்கு இசைவளித்த பின், கல்லூரிகள் பெருகின; விளம்பரமும் பெருகிற்று. சுவரொட்டியும் பேருந்தும் தரகரும் ஊருக்குள் வருகின்றனர். ஆராய்ச்சிக்கூடமோ அரசுப் பல்கலைக்கழகமோ அவ்வாறு வருவதில்லை. காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் பொறியியற் பட்டப்படிப்பும் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ‘கல்லூரி’ என்ற சொல் பெயரில் இல்லாமையாலேயே நாம் கடந்து சென்ற கல்விக்கூடங்கள் பல.

இரண்டாவது, காலம் தவறுதல். நம் இல்லங்களில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த பிறகே மேற்படிப்பைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வோ அதற்கு முன்பே, டிசம்பர்த் திங்களில் முடிந்துவிடுகிறது. பொறியியலுக்கான அகில இந்தியத் தேர்வின் முதற்கட்ட விண்ணப்பமும் பொதுத் தேர்வுக்கு முன்னரே முடிகிறது. நாம் பெட்டியைத் திறக்கும்போது வண்டி போய்விட்டிருக்கிறது. மொழியும் ஒரு தடையாக நின்றது. பொறியியலுக்கான முதன்மைத் தேர்வு 2021 முதல் தமிழிலும் நடைபெறுகிறது. சட்ட நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது.

மூன்றாவது, செலவு பற்றிய அச்சம். பெரிய கல்லூரி என்றால் பெரிய கட்டணம் என்று நாம் கேளாமலே முடிவு செய்துவிடுகிறோம். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. ஐ.ஐ.டி.களில் பட்டியல் வகுப்பு மாணவர்க்குப் படிப்புக் கட்டணம் முழுவதும் விலக்கப்பட்டுள்ளது. அரசுப் பள்ளிகளில் பயின்று அத்தகைய நிறுவனங்களில் சேர்வோரின் செலவை ஏற்பதாகத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. தொழிற்கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 2021 முதல் 7.5 விழுக்காடு இடமும் கட்டண உதவியும் உண்டு. கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோர், கட்டணமில்லாத இடத்தைக் கடந்து செல்கின்றனர் என்பதே வேதனை.

இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015இல் ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. நன்கு படிக்கும் ஏழை மாணவர்க்கு, “நீ சேர்ந்தால் நான்கு ஆண்டும் கட்டணமில்லை” என்று ஒரு கடிதம் அனுப்பியது. கடிதம் பெறாதவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே விண்ணப்பித்தனர்; பெற்றவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் விண்ணப்பித்தனர். சேர்ந்தோர் தொகையும் இரு மடங்குக்கு மேலாயிற்று. கடிதம் பெறாத பிள்ளைகளுக்கும் அதே உதவி பெரும்பாலும் கிடைத்திருக்கும் என்பதே இதில் வியப்பு. புதிதாய்ச் சென்று சேர்ந்தது உறுதிமொழி தாங்கிய ஒரு கடிதம் மட்டுமே.

நான்காவது, தனிமை. முன்னே சென்ற அண்ணனோ அக்காவோ இல்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்தை வீணென்று நாம் தள்ளிவிடலாகாது. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் நம் மாணவர் நடத்தப்பட்ட வகையை ஆராய்ந்த பேராசிரியர் தோராட் குழு, 2007இல் அளித்த அறிக்கையில் அங்கு நிலவிய பாகுபாட்டை எடுத்துக்காட்டியது. ஐதராபாத்தில் 2016இல் ரோகித் வெமுலாவை இழந்தோம். ஆகவே, ‘போ’ என்று சொல்வதோடு நம் கடமை முடிவதில்லை; போன பிள்ளைக்குப் பின்னால் நாம் நிற்கவும் வேண்டும்.

பூட்டிய கதவு வேறு

இங்கு ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. காணாத கதவு வேறு; பூட்டிய கதவு வேறு. குன்னம் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்த குழுமூர் அனிதா, 2017இல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றார். எந்தக் கல்வி வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று கேட்டார். விதி மாறியதால் மருத்துவக் கல்வி மறுக்கப்பட்டு, செப்டம்பர் 1ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் கேளாதவர் அல்லர்; கேட்டும் மறுக்கப்பட்டவர். பூட்டிய கதவுக்குப் போராட்டமே வழி. காணாத கதவுக்கோ, காட்டுவார் இருந்தால் போதும். இரண்டையும் ஒன்றாக்கி, “எல்லாம் நமக்கு மூடியதே” என்று சோர்ந்திருத்தல் தகாது.

நம் மண்ணிலிருந்தே ஒரு சான்று கூறுவோம். சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தை நாம் அனைவரும் அறிவோம். 1940இல் அதனை உலகுக்கு அறிவித்த எம்.எஸ். கிருஷ்ணன், 1951இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரானார். அவருக்கும் முன்னதாகவே பிளான்போர்டு என்னும் ஆங்கில அறிஞர் இப்பகுதிப் பாறைகளை ஆராய்ந்து 1862இல் நூல் வெளியிட்டார். நத்தைக் கூட்டின் வடிவான அம்மோனைட்டுப் படிமங்களை நாடித் தொலைதூரக் கல்லூரி மாணவர் இன்றும் நம் ஓடைகளுக்கு வருகின்றனர். அந்த ஓடையில் ஆடு மேய்த்த நம் பிள்ளை, நிலவியல் என்றொரு படிப்பு உண்டென்று அறியவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியிலும் திருச்சி தேசியக் கல்லூரியிலும் அது கற்பிக்கப்படுகிறது. அதன்பின் ‘ஜாம்’ தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் முதுநிலை சேரலாம். மத்தியத் தேர்வாணையத்தின் தேர்வு எழுதி, கிருஷ்ணன் பணியாற்றிய அதே துறையில் அலுவலராகலாம்.

நாம் செய்ய வேண்டியவை

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் 100க்கு 31 பேர் நம்மவர். இத்துணைப் பெரிய மக்கட்தொகைக்குச் செய்தி கொண்டு செல்வது நம் சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகட்டும். பதினோராம் வகுப்பில் சேரும் நாளிலேயே ஒவ்வொரு மாணவர்க்கும் தேர்வுகளின் பெயரும், விண்ணப்ப மாதமும், கட்டண விலக்கும் எழுதிய கடிதம் ஒன்றை அவர்தம் இல்லத்திலேயே, பெற்றோர் முன்னிலையில் படித்துக்காட்டித் தருவோம். விதிகள் மாறுவன, ஆகவே ஆண்டுதோறும் புதிய அறிவிப்பைச் சரிபார்த்து எழுதுவோம். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் முன்கூட்டியே பெற்றுத் தருவோம். பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் இரண்டு பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்று, முதல் நாள் விடுதி வரை உடன் சென்று, முதலாண்டு முடியும்வரை திங்கள்தோறும் நலம் கேட்போம்.

இளைஞர்களே! விண்ணப்பித்தால் ஒருகால் இடம் கிடையாமற் போகலாம். அது தோல்வியன்று, மறு ஆண்டு மீண்டும் முயலலாம். விண்ணப்பியாதவர்க்கு அந்த வாய்ப்பும் இல்லை. 1893இல் நம் முன்னோர் எழுதிக் கேட்டதனாலேயே இன்று நாம் எழுதப் படிக்கத் தெரிந்தவராய் இம்மலரைக் கையில் ஏந்துகிறோம். அவர்கள் கேட்டுப் பெற்ற இடங்களுக்கு உங்கள் பெயரை எழுதி அனுப்புங்கள்.