எத்தனை இன்ச் செயின்சா? அப்பாவின் கேள்வியும் ஒரு மெஷினின் கதையும்

இந்த எபிசோட் ஒரு வாட்ஸ்அப் மெசேஜில் ஆரம்பிக்குது. அனுப்பினது எங்க அப்பா. ஒரு ஷாப்பிங் லிங்க், அதுக்குக் கீழே ஒரே ஒரு வரி: "22 இன்ச் போதுமாடா?"

லிங்க்கைத் திறந்து பார்த்தால் பெட்ரோல்ல ஓடுற செயின்சா. 58 சிசி இன்ஜின், 22 இன்ச் பார்.

விஷயம் இதுதான். எங்க வீட்டுக் கொல்லையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கு. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்த அன்னைக்கு, தெருவில் பாதி மரங்கள் விழுந்தும் இது விழலை. ஆனால் லேசாகச் சாய்ஞ்சிடுச்சு, வீட்டுப் பக்கமாக. அதுல இருந்து ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் காத்து அடிச்சால் அம்மா பின்னறையில் படுக்க மாட்டாங்க. இந்த வருஷம் அந்தச் சாய்வு இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. ரிட்டயர் ஆன அப்பா முடிவு பண்ணிட்டார்: மெஷின் வாங்கி நானே வெட்டுறேன்.

கணக்கு வேற போட்டு வெச்சிருந்தார். டேப் வெச்சு அளந்ததில் அடிமரத்தின் சுற்றளவு ஏழரை அடி, அதாவது 90 இன்ச். அதை 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு கிட்டத்தட்ட 29 இன்ச். ஒரே பக்கத்தில் நின்னு அறுக்கணும்னா மரத்தை விட ரெண்டு இன்ச்சாவது நீளமான பார் வேணும். ரெண்டு பக்கமும் மாறி மாறி அறுத்தால் அவ்வளவு நீளம் தேவையில்லை, 22 இன்ச்சே போதும்.

கணக்கு சரிதான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏன் பயம்னு அவருக்குச் சொல்ல என்கிட்ட வார்த்தை இல்லை. அதனால் செயின்சாவின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். பதில் அங்கேதான் இருந்தது.

சட்டைப் பைக்குள் அடங்கிய ரம்பம்

முதல் அதிர்ச்சி: செயின்சா மரத்துக்காகப் பிறந்ததே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்காட்லாந்தில் ரெண்டு டாக்டர்கள் இருந்தார்கள். எடின்பரோவில் ஜான் எய்ட்கென், கிளாஸ்கோவில் ஜேம்ஸ் ஜெஃப்ரே. பிரசவத்தில் குழந்தை இடுப்பெலும்பில் சிக்கிக்கொண்டால் அன்றைக்கு வழிகள் ரொம்பக் குறைவு. சிசேரியன் செய்தால் தாய் பிழைப்பது அபூர்வம். மயக்க மருந்தே 1840களில்தான் வருகிறது. இடுப்பின் முன்பக்க மூட்டை அறுத்து வழியைக் கொஞ்சம் அகலமாக்குவது ஒரு முறை. சின்னக் கத்தியால் அதைச் செய்வது மெதுவான, கொடுமையான வேலை.

இவங்க கொண்டுவந்தது, கடிகாரச் சங்கிலி மாதிரி மெல்லிசான ஒரு சங்கிலி. அதில் பொடிப் பொடியாகப் பல். ரெண்டு முனையிலும் கைப்பிடி. எலும்பைச் சுற்றிப் போட்டு, கையால் இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். எய்ட்கெனின் பிரசவ மருத்துவ நூலின் 1785 பதிப்பில் இந்த மாதிரி ரம்பத்தின் படம் இருக்கிறது.

1830-ல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் பெர்ன்ஹார்ட் ஹைனே இன்னொரு படி போனார். ஒரு தட்டையான பட்டையைச் சுற்றி ஓடுகிற பல் சங்கிலி, அதைச் சுற்றக் கைப்பிடி. உளியும் சுத்தியலும் எலும்பைச் சிதறடிக்கும். இது சிதறடிக்காமல் அறுத்தது. இன்றைக்குக் கடையில் தொங்குகிற செயின்சாவைப் பாருங்க: நடுவில் பார், அதைச் சுற்றிச் சங்கிலி. அடிப்படை அமைப்பு அதேதான்.

ஆக, இந்தக் கருவியின் முதல் அளவு ஒரு டாக்டரின் கைக்கு ஏத்த அளவு. வெட்டுற இடம் எவ்வளவு சின்னதோ, அவ்வளவு சின்னக் கருவி. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வருவோம்.

ரெண்டு பேர் தூக்கிய மெஷின்

மரத்துக்கு வருவோம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ரெட்வுட் மரங்கள் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். அதை வெட்டியது ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்கிற நீள ரம்பம். 1905-ல் சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சாமுவேல் பென்ஸ், அந்த ராட்சச மரங்களை மனதில் வைத்து ஒரு சங்கிலி ரம்பத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகிற மெஷின் வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

1926-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் மின்சாரத்தில் ஓடும் செயின்சாவைச் செய்தார். கரன்ட் இல்லாத காட்டில் அது என்ன பண்ணும்? 1927-ல் எமில் லெர்ப் என்பவர் பெட்ரோல் செயின்சாவைத் துரிங்கியா பகுதியில் டோல்மார் என்ற மலையில் ஓட்டிக் காட்டினார். அவருடைய கம்பெனிக்கு அந்த மலையின் பெயரே நிலைத்துவிட்டது. 1929-ல் ஷ்டீலும் பெட்ரோல் மெஷினோடு வந்தார். ஆறு குதிரைத்திறன், எடை 46 கிலோ.

46 கிலோன்னா கிட்டத்தட்ட ஒரு சிமென்ட் மூட்டை. அதை ரெண்டு பேர் தூக்கிப் பிடித்து, சுத்துற சங்கிலியோடு மரத்தில் வைக்க வேண்டும். இன்ஜின் பக்கம் ஒருத்தர், பாரின் நுனியில் ஒருத்தர். நுனியைப் பிடித்தவருக்கும் ஓடுகிற சங்கிலிக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

புழு சொல்லிக் கொடுத்த பாடம்

எடை ஒரு பிரச்சினை. இன்னொன்று, பல். பழைய செயின்களில் பல் சாதாரண ரம்பப் பல் மாதிரி இருந்தது. சீக்கிரம் மழுங்கும், தீட்டவே நேரம் போகும்.

1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரம்வெட்டி, விறகு பிளக்கும்போது ஒரு வண்டின் புழுவைக் கவனித்தார். அது மரத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் சளைக்காமல் தின்றுகொண்டு போனது. அதன் தாடைகள் ஆங்கில சி எழுத்து மாதிரி வளைந்து, இடமும் வலமும் மாறி மாறிச் சுரண்டின. காக்ஸ் அதே வடிவத்தை இரும்பில் செய்தார். 1947-ல் போர்ட்லேண்டில் அவர் தொடங்கிய சின்னக் கம்பெனியில் இருந்து அந்தச் செயின் வெளிவந்தது. இன்றைக்கு விற்கிற பெரும்பாலான செயின்களின் பல் அந்த வளைவின் வாரிசுதான்.

பல் நன்றாகச் சுரண்டினால் இன்ஜினின் சக்தி வீணாகாது. இன்ஜினும் அதே காலத்தில் இளைத்தது. 1949-ல் மெக்கல்லக் 3-25 என்ற அமெரிக்க மெஷின் 25 பவுண்டில் வந்தது, கிட்டத்தட்ட 11 கிலோ. 1959-ல் ஷ்டீலின் கான்ட்ரா வந்தபோது அதே ஆறு குதிரைத்திறன், எடை 12 கிலோ.

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. முப்பது வருஷத்தில் சக்தி கூடவே இல்லை. எடை மட்டும் கால்வாசி ஆகிவிட்டது. இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது மெஷினைப் பெரிசாக்கும் வேலை இல்லை, ஒரு மனுஷனின் கைக்குள் கொண்டுவரும் வேலை.

விரல் வெளுத்தது, பார் எகிறியது

ஒரே ஆள் தூக்கும் அளவுக்கு வந்ததும் புதுப் பிரச்சினைகள். நாள் முழுக்க அதிர்கிற மெஷினைப் பிடித்தவர்களுக்குக் குளிர் காலையில் விரல்கள் வெள்ளையாகி மரத்துப் போயின. ரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதிர்வில் பாதிக்கப்பட்டதன் அடையாளம் அது. 1960களில்தான் கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் அதிர்வு தாங்கும் ரப்பர் வந்தது.

அடுத்தது இன்னும் மோசம்: கிக்பேக். பாரின் நுனியில் மேல்பாதி எதன் மேலாவது பட்டால், சங்கிலி மரத்தைக் கடிக்க முடியாமல் மொத்த பாரையும் மேலே, பின்னால், உங்க முகத்தை நோக்கித் தூக்கி எறியும். சங்கிலி ஓடும் வேகம் நொடிக்குச் சுமார் 20 மீட்டர், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டர். கண் சிமிட்டும் நேரத்தில் முடிஞ்சிடும். சுதாரிக்கலாம் என்பதெல்லாம் நடக்காத கதை.

1970களின் தொடக்கத்தில் செயின் பிரேக் வந்தது. முன்பக்கக் கைக்கு எதிரே ஒரு தடுப்பு இருக்குமே, அதுதான். பார் எகிறும்போது அது முன்னால் சாய்ந்து சங்கிலியை நிறுத்திவிடும். பார்க்க ஒரு சாதாரண பிளாஸ்டிக் துண்டு. ஆனால் எத்தனையோ முகங்களில் விழுந்த வெட்டில் இருந்து கற்ற பாடம் அது.

அப்பாவுக்குச் சொன்ன பதில்

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாகிட்ட உட்கார்ந்து சொன்னேன். சுருக்கமாக உங்களுக்கும்.

பார் நீளம் என்பது இன்ஜினில் இருந்து வெளியே நீட்டியிருக்கிற, உண்மையில் அறுக்கிற நீளம். வீட்டில் கிளை கழிக்க, விழுந்த கொம்பை நறுக்க 12-ல் இருந்து 14 இன்ச் போதும். ஒரு அடி தடிமன் வரைக்கும் விறகு போட 16 இன்ச், 40 சிசி பக்கத்தில் இன்ஜின். 20 இன்ச்சுக்கு மேலே போனால் எடை கூடும். மரத்துக்குள் ஒரே நேரத்தில் இருக்கும் பற்கள் கூடுவதால் இன்ஜினும் பெரிசாக வேணும். அதைவிட முக்கியம், நுனி உங்க கண்ணில் இருந்து தள்ளிப் போயிடும். மரத்துக்கு அந்தப் பக்கம் அது எதைத் தொடுதுன்னு தெரியாது. கிக்பேக் பிறக்கிற இடம் அந்த நுனிதான்.

"அப்பா, உங்க கணக்கு அடிமரத்துக்குச் சரி. ஆனா இந்த மரத்தை அடியில அறுத்தா அது வீட்டு மேல விழும். மேல இருந்து துண்டு துண்டா இறக்கணும். ஏணியில நின்னு அந்த 22 இன்ச்சைப் பிடிப்பீங்களா?"

அப்பா கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தார். "சரி, ஆளைக் கூப்பிடு"ன்னு எழுந்து போயிட்டார். உள்ளே அம்மா ரேடியோ சத்தத்தைக் குறைச்சது எனக்குக் கேட்டது.

பஞ்சாயத்து ஆபீஸில் விசாரித்துவிட்டு, மரம் ஏறுகிற ஆட்களை வரச் சொன்னோம். மூணு செயின்சா கொண்டு வந்தாங்க. பெரிசு ஒண்ணு, நடுத்தரம் ஒண்ணு, பொடிசா ஒண்ணு. அப்பா ஆசையாகப் பெரிசைக் காட்டி, "இதாலதானே வெட்டுவீங்க?"ன்னு கேட்டார். மேஸ்திரி சிரிச்சார். "அது கடைசியில, மரம் தரையில படுத்தப்புறம் சார். மேல ஏறிட்டா சின்னதுதான்."

அந்தச் சின்னதை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். முன்பக்கத் தடுப்பு இல்லை. உடைஞ்சு போயிருந்தது.

"அது போயி ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி. மெஷின் ஓடுதுல்ல."

ஏறப்போற பையனுக்கு என் வயசுதான் இருக்கும். தலையில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு கயிறு. உலகம் அம்பது வருஷத்துக்கு முன்னாடி கண்டுபிடிச்ச ஒரு பாதுகாப்பு, அவன் கைக்கு இன்னும் வந்து சேரலை. மெஷின் வந்துடுச்சு, பிரேக் வரலை.

நான் வாயைத் திறக்குறதுக்குள் அப்பா கேட்டார்: "அந்தப் பார்ட் கடையில கிடைக்குமா?" கிடைக்கும்னாங்க. "அப்போ அதை மாட்டிட்டு நாளைக்கு ஏறலாம். இன்னைக்குக் கூலியும் நான் தர்றேன்." 22 இன்ச்சுக்கு எடுத்து வெச்ச காசில் இருந்து பார்ட்டும் வாங்கினார், ஒரு ஹெல்மெட்டும் வாங்கினார்.

மறுநாள் அந்தப் பையன் அந்தச் சின்ன மெஷினாலேயே மரத்தின் முக்கால்வாசியை இறக்கினான். ஒவ்வொரு கொம்பையும் கயிறு கட்டி, வீட்டு ஓட்டில் ஒரு கீறல் படாமல். கடைசியில் அடிமரத்தை மட்டும் பெரிய மெஷின் ரெண்டு பக்கமும் அறுத்தது, அப்பாவோட கணக்குப்படியே.

டாக்டர் எய்ட்கெனின் சங்கிலி ஞாபகம் இருக்கா? வெட்டுற இடத்துக்கும் பிடிக்கிற கைக்கும் ஏத்த அளவு. இருநூறு வருஷத்துக்கு அப்புறமும் அதே விதிதான். கடையில் உங்ககிட்ட "மரம் எவ்வளவு பெருசு?"ன்னு கேட்பாங்க. பிடிக்கப் போறது யாரு, எங்கே நின்னு பிடிக்கப் போறாங்கன்னு அதுக்கு முன்னாடி நீங்க கேட்டுக்கோங்க. பிரேக் வேலை செய்யுதான்னும் பாருங்க.

அப்பா இப்போ 14 இன்ச்சில் ஒரு கரன்ட் செயின்சா வாங்கியிருக்கார், முருங்கைக் கிளை கழிக்க. அம்மா பின்னறையில் தூங்குறாங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.