களிமண் ஏடும் கசப்பு நீரும்: பண்டைய உலகப்படங்கள் பற்றிய ஒரு குறிப்பு

பண்டைய மக்களின் உலகப்படங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் பிழைகளையே எடுத்துக்காட்டுவர். பூமியை நீர் சூழ்ந்த தட்டாகக் கருதினர், தத்தம் நகரையே முதன்மைப்படுத்தினர் என்பன வழமையான கூற்றுகள். அப்படங்கள் யாரால், எத்தேவையின் பொருட்டு வரையப்பட்டன என்னும் வினா அங்கு எழுவதில்லை.

பிரித்தானிய நூதனசாலையிலுள்ள பாபிலோனியக் களிமண் ஏடு இவ்வகையில் மீள்நோக்குக்குரியது. பொதுவாகக் கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கொள்ளப்படும் இவ்வேடு சுமார் 12 சென்ரிமீற்றர் உயரமானது, உள்ளங்கையில் அடங்கிவிடும். கவராயத்தால் இரு வட்டங்கள் இடப்பட்டுள்ளன. அதன் கால் ஊன்றிய துளை இன்றும் தெரிகின்றது. வட்டங்களுக்கிடையே ஓடுவது ‘கசப்பு’ எனப் பொருள்படும் பெயருடைய நீர்ப்பரப்பு. உள்ளே யூபிரட்டீஸ் நதியின் குறுக்கே பாபிலோன் ஓர் அகன்ற நீள்சதுரமாகக் கிடக்கின்றது. அசீரியாவும் ஊரார்த்துவும் சிறு குறிகளாக ஒடுங்கிவிட்டன. எகிப்தோ இடம்பெறவேயில்லை. நீருக்கப்பால் முக்கோண வடிவிலான தொலைநிலங்கள். அவற்றுளொன்று கதிரவனைக் காணாதது.

இதனை அறியாமையின் விளைவெனக் கூறிவிடலாமா? இவ்வேட்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கி.மு. 21ஆம் நூற்றாண்டளவில், அந்நிலத்து எழுத்தர்கள் வயல்களை நீள்சதுரங்களாகவும் முக்கோணங்களாகவும் பிரித்துப் பரப்பளவு கணித்து ஏடுகளில் பதிந்தனர். 1899இல் கண்டெடுக்கப்பட்ட நிப்பூர் நகரப்படம் மதில், வாயில், கால்வாய், கோயில் ஆகியவற்றைப் பெயரும் அளவும் இட்டுக் காட்டுகின்றது. பின்னைய அகழ்வாய்வுகள் அதன் செம்மையைப் பெருமளவு உறுதிப்படுத்தின. கயிற்றாலும் கோலாலும் நிலமளந்த மரபிலே வந்தவர்களே உலகையும் வரைந்தனர். விளைச்சலிற் பங்கு கொள்ள வேண்டிய கோயிலுக்கும் அரண்மனைக்கும் வயலின் அளவு துல்லியமாகத் தேவைப்பட்டது. உலகின் அளவு அவ்வாறு தேவைப்படவில்லை. அங்கு வேண்டப்பட்டது ஒழுங்கும் மேன்மையுமே. ஆகவே வேறுபாடு அறிவின் அளவில் அன்று, சமூகப் பயன்பாட்டிலேயே தங்கியுள்ளது. (இதனை ஆளும் வர்க்கத்தின் திட்டமிட்ட சூழ்ச்சியெனக் கொள்வது மார்க்சியத்தைக் கொச்சைப்படுத்துவதாகும். வரைந்தவர் தாம் வரைந்ததை நம்பியே இருத்தல் கூடும்.)

நீர் சூழ்ந்த வட்ட உலகு பாபிலோனியரோடு நின்றுவிடவில்லை. கிரேக்கரிடையேயும் அது வழங்கிற்று. கவராயத்தால் இட்டாற்போல் பூமியை வட்டமாக வரைவோரை ஹெரொடோட்டஸ் எள்ளி நகையாடுகின்றார். அவர் கூறும் நிகழ்ச்சியொன்று ஈண்டுக் கருதத்தக்கது. கி.மு. 499 அளவில் மிலேத்தஸ் நகரத்து அரிஸ்தகோரஸ், பாரசீகருக்கெதிராகப் படையுதவி வேண்டி, வெண்கலத் தகட்டிற் பொறித்த உலகப்படத்துடன் ஸ்பார்ட்டா சென்றான். ஒவ்வொரு நாடாகச் சுட்டி அதன் வெள்ளியையும் கால்நடையையும் விவரித்தான். கடற்கரையிலிருந்து பாரசீக மன்னனின் இருப்பிடம் எத்தனை நாட் பயணம் என்று ஸ்பார்ட்டாவின் மன்னன் கிளியோமெனெஸ் வினவினான். தகட்டில் அதற்கு விடையில்லை. மூன்று மாதம் என்று அரிஸ்தகோரஸே வாய்திறந்து சொல்ல நேர்ந்தது. கதிரவன் மறையுமுன் நகரைவிட்டு நீங்குமாறு அவனுக்கு ஆணை பிறந்தது.