தோசைக்கல்லுக்குள் ஒரு சட்டம்

மாட்டுக்கறித் துண்டை வெளிநாட்டுப் பாணியில் சூடான கல்லில் ரெண்டே நிமிஷம் வாட்டி, எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டுப் பார்த்ததுண்டா? திருப்பூர்ப் பக்கம் வாங்கிய கறி என்றால் ரப்பர் மாதிரி இழுத்திருக்கும்! குற்றம் உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை, சரித்திரத்தில்.

பக்கத்துக் காங்கேயத்தில் மாடு வளர்த்தது ஏர் உழவும், கிணற்றில் கவலை இறைக்கவும். கறிக்காக அல்ல. போதாததற்கு, 1958-ல் வந்த பிராணிகள் பாதுகாப்புச் சட்டம், பொதுவாகப் பத்து வயசு தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாத மாட்டைத்தான் அறுக்கலாம் என்றது. அதுவும் சர்டிபிகேட் வாங்கி!

ஆயுசெல்லாம் உழைத்த உடம்பு சும்மா வெந்துவிடுமா? அதனால்தான் நம் வீடுகளில் முதலில் குக்கர் விசில், அப்புறம்தான் கல், எலுமிச்சை கடைசியில். அந்த உழைப்பாளிக்கு நாம் காட்டும் பொறுமை அது!