பழவேற்காட்டில் ஒரு பகல்

பட்டணம் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் சென்னைக்கு வருவார்கள். நானோ சென்னையிலிருந்து கிளம்பி, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் பட்டணம் பார்க்கப் போனேன். நண்பர்கள் சிரித்தார்கள். "அங்கே என்ன ஐயா இருக்கிறது? இறாலும் நண்டும்தானே!" என்றார்கள்.

சிரித்ததில் தப்பில்லை. இன்று அது ஏரிக்கரையில் ஒரு சிறிய ஊர். ஆனால் நானூறு வருஷங்களுக்கு முன்னால், சென்னைப்பட்டணம் என்று ஒன்று பிறப்பதற்கு முன்னாலேயே, கடல் கடந்த தேசங்களிலெல்லாம் பெயர் தெரிந்த பட்டணமாக அது இருந்தது.

பக்கத்திலிருக்கும் தோணிரேவில் ஒரு படகுக்காரர் கிடைத்தார். ரேவு என்றால் துறை. பெரிய கப்பல்கள் ஏரிக்குள் வர முடியாது. கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்குகளைப் படகுகள்தாம் ஏற்றி இறக்க வேண்டும். தோணிரேவு என்ற பெயரிலேயே அந்தப் பழைய காலம் ஒட்டிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது.

ஏரியைச் சுற்றிக் காட்டிவிட்டு, கரையில் ஒரு முட்புதரின் முன்னால் கொண்டுபோய் என்னை நிறுத்தினார் படகுக்காரர். "இதுதாங்க கோட்டை" என்றார். மண்மேடும் அகழியும் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

ஒல்லாந்தர் என்று நம் முன்னோர்கள் சொன்ன டச்சுக்காரர்கள் 1610-ல் இங்கே கிடங்கு போட்டார்கள். அவர்களுக்கு முன்பே இந்தக் கரைக்கு வந்திருந்த போர்த்துக்கீசியர் சும்மா இருப்பார்களா? 1612-ல் அதைத் தாக்கி அழித்தார்கள். மறு வருஷமே ஒல்லாந்தர் கெல்டிரியா என்ற இந்தக் கோட்டையைக் கட்டிக்கொண்டார்கள். இத்தனை சண்டையும் எதற்காக? துணிக்காக! ஜாதிக்காயும் கிராம்பும் விளைகிற கீழைத் தீவுகளில், சரக்கு வாங்க வேண்டுமானால் நம் நெசவாளி நெய்த துணியைக் கொண்டுபோக வேண்டும். மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்குப் 'பெலிகாட்' என்று பெயர். அது நம் பழவேற்காடுதான்.

1611-ல் 'குளோப்' என்ற ஆங்கிலேயக் கப்பல் ஒன்று இங்கே வந்து இடம் கேட்டது. ஒல்லாந்தர் கையை விரித்துவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து, ஓர் உடன்படிக்கையின் பேரில் ஆங்கிலேயர் இங்கே ஒட்டுக் குடித்தனம் செய்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. வேறு இடம் தேடி அலைந்து, கடைசியில் 1639-ல் தெற்கே ஒரு மணல்வெளியைப் பிடித்தார்கள். அதுதான் சென்னை. அன்றைக்கு ஒல்லாந்தர் மனம் இரங்கியிருந்தால் சென்னை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது.

1690-ல் ஒல்லாந்தர் தங்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். பழவேற்காட்டின் நட்சத்திரம் மங்கியது. 1825-ல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

கோட்டை போனாலும் கல்லறைத் தோட்டம் போகவில்லை. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே பெரிய பெரிய கற்பலகைகள். அவற்றில் குடும்ப முத்திரைகள், பெயர்கள், தேதிகள். எழுத்துகள் அவ்வளவு அழகு! நான் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க ஜனங்க பேரு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார் படகுக்காரர்.

"இல்லை, அப்பா" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் இந்தக் கரையிலிருந்து போனது துணி மாத்திரமல்ல. மழை பொய்த்துப் பஞ்சம் வந்த வருஷங்களில் மனிதர்கள் மலிவாகிப் போனார்கள். தாங்களும் பட்டினி, பிள்ளைகளும் பட்டினி என்ற நிலையில் விலை போனவர்களை டச்சுக் கும்பினி அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியது. இன்று ஜகார்த்தா என்கிறோமே, அன்றைய பத்தேவியா, அங்கே ஆயிரக்கணக்கில் போனார்கள். அவர்களும் ஏதோ ஒரு துறையில், ஏதோ ஒரு தோணியில்தான் கால் வைத்திருப்பார்கள்.

அதே காலத்தில், அதே ஊரில் இன்னொரு காரியமும் நடந்தது. 1632 முதல் 1642 வரை இங்கே ஆபிரகாம் ரோஜேரியஸ் என்று ஒரு டச்சுப் பாதிரியார் இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்து, நம் மத ஆசாரங்களையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக இருந்த பாஷை போர்த்துக்கீசியம்! பர்த்ருஹரியின் நீதி சதகமும் வைராக்கிய சதகமும் அப்படித்தான் முதன்முதலாக ஓர் ஐரோப்பிய பாஷைக்குப் போயின. பாதிரியார் இறந்த பிறகு, 1651-ல் அந்தப் புத்தகம் ஹாலந்தில் அச்சாயிற்று. பத்மநாபனுக்கு இந்தத் தோட்டத்தில் கல் இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது.

நீதியைப் பற்றி இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த ஊரில்தான் மனிதர்களும் விலை போனார்கள். ஒரு சத்தம் மற்றவர் காதில் விழுந்திராதா? என்னால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. தோணிரேவில் கரை இறங்கினேன். படகுக்காரர் கூலியை எண்ணி மடியில் செருகிக்கொண்டு, "பட்டணத்துக்குப் பஸ் அந்தப் பக்கமுங்க" என்று கையைக் காட்டினார். அவர் சொன்ன பட்டணம் சென்னை.